கற்பனைத் தொகைகளுக்கு ஒரு தேசீயப் பரிசு

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் குண்டூர் நாடும் ஒன்று. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மலையேறிச் செல்வோர் பெரும்பாலும் ஆகாய கங்கையையும் அறப்பளீசுவரர் ஆலயத்தையும் தரிசித்துவிட்டு மாலைக்குள் இறங்கிவிடுகிறார்கள். மிளகுக் கொடியும் பலா மரமும் காப்பிச் செடியும் மண்டிய நாடுகளுக்குள் நுழைந்து, அங்கு வாழும் ஜனங்களோடு அமர்ந்து பேசுவோர் மிகச் சிலரே. குண்டூர் நாட்டில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, முதியவர் ஒருவர் வாயிலாகக் கொல்லிப்பாவையின் கதையைக் கேட்கும் பாக்கியம் நமக்குச் சமீபத்தில் கிட்டியது. பாவை சிரித்ததையும், அச்சிரிப்பில் மயங்கி நெருங்கியவர் மாண்டதையும் அவர் நேற்று நடந்தது போல் கூறினார். அருகே நின்ற அவருடைய பேரர் கல்லூரியில் பயிலும் இளைஞர். அந்தப் பாவை இன்று எழுந்து மலையிறங்கி வந்தால் எதைக் கண்டு சிரிக்கும், எதைக் கண்டு சிரிக்க மறந்து நிற்கும் என்று தாம் ஒரு கதை எழுதி வைத்திருப்பதாக அவர் கூச்சத்துடன் தெரிவித்தார். பிறகு, "இதை யாருக்கு ஐயா அனுப்புவது?" என்று கேட்டார். வாதாடுவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு அக்கேள்விக்கு உடனே விடை கூற இயலவில்லை. இன்று நாம் எழுதும் இத்தலையங்கமே அந்த விடையாகும்.

நாம் கூறவிரும்புவதைச் சுருக்கமாக முதலிலேயே கூறிவிடுகிறோம். விஞ்ஞானத்தைத் துணைக்கொண்டு நாளைய உலகைப் புனையும் கதைகள், மாயத்தையும் தெய்வத்தையும் கொண்டு இன்றைய உலகை விசாரிக்கும் கதைகள், நடந்த சரித்திரம் வேறு விதமாக நடந்திருந்தால் என்னவாயிருக்கும் என்று ஊகிக்கும் கதைகள் ஆகிய இவற்றை இக்காலத்து எழுத்தாளர்கள் அறிவியல் புனைவு, மிகுபுனைவு என்றெல்லாம் பிரித்து வழங்குகிறார்கள். இத்தலையங்கத்தில் அனைத்தையும் 'விந்தைக் கதை' என்ற ஒரே பெயரால் குறிப்பிடுவோம். பலர் எழுதிய விந்தைக் கதைகளை ஆராய்ந்து தேர்ந்து ஒரு நூலாகத் தொகுப்போருக்கும், அத்தொகையில் இடம்பெறுவோருக்கும் நமது தேசத்தின் பெயரால் ஆண்டுதோறும் ஒரு பரிசு வழங்கப்பட வேண்டும். இதுவே நமது கோரிக்கை.

இத்தகைய எழுத்து மேனாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்கள் நமது தேசத்தின் சரித்திரத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்றே நாம் சொல்லவேண்டும். கல்கத்தாவில் 'குந்தளீன்' என்ற சுதேசிக் கூந்தல் தைலத்தைத் தயாரித்த ஹேமேந்திர மோகன் போஸ் 1896-ஆம் வருஷத்தில் ஒரு கதைப் போட்டியை ஏற்படுத்தினார். கதையின் போக்குக் கெடாமல் எங்கேனும் தைலத்தின் பெயர் வரவேண்டும் என்பது விதி. அவ்வருஷம் தம் பெயரை வெளியிடாமல் ஒருவர் அனுப்பிய கதை பரிசு பெற்றது. கல்கத்தாவை அழிக்க வந்த கடும்புயல், கடலில் ஊற்றிய ஒரு புட்டித் தைலத்தால் அடங்கிய விந்தையை அது கூறிற்று. எழுதியவர் யார்? தாவரங்களின் உணர்ச்சியைப் பற்றிய ஆராய்ச்சியால் பின்னர் உலகப் புகழ் பெற்ற ஜகதீச சந்திர போஸ்தான். அவர் அக்கதையைத் திருத்தி, 1921-இல் வெளிவந்த தமது 'அவ்யக்த' என்ற நூலிலும் சேர்த்துக்கொண்டார். குந்தளீன் பரிசு பெற்ற கதைகள் தொகுப்பாக அச்சிடப்பெற்றன. எனவே, பரிசும் தொகையும் விந்தைக் கதையும் ஒன்றுசேர்ந்த நிகழ்ச்சி நமது தேசத்தில் நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. அதை நடத்தியது சர்க்கார் அன்று, ஒரு தைல வியாபாரி.

வங்காளத்தோடு இது நின்றுவிடவில்லை. ரொக்கையா சகாவத் ஹுசேன் அம்மையாரின் 'சுல்தானாவின் கனவு' 1905-இல் நமது சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியப் பெண்மணிகள் பத்திரிகை'யில் அச்சாயிற்று. ஆடவர் அகத்தினுள் அடைந்திருக்க, பெண்டிர் சூரிய வெப்பத்தையும் வான ஊர்திகளையும் கொண்டு தேசத்தை ஆளுவதாக அவ்வம்மையார் கற்பனை செய்தார். அப்பத்திரிகையை நடத்தியவர் கமலா சத்தியநாதன் அம்மையார். பாரதியாரின் 'ஞானரதம்' 1910-இல் நூலாயிற்று. சுதேசமித்திரனிலும் 'இந்தியா'விலும் அன்னிய ஆட்சியை எதிர்த்து எழுதிய அதே பேனாதான் பல உலகங்களைச் சுற்றிவரும் அந்தக் கற்பனை ரதத்தையும் ஓட்டிற்று. புதுமைப்பித்தன் 1943-இல் கடவுளைச் சென்னை நகரத்து வீதியில் கந்தசாமிப் பிள்ளையோடு நடக்கவிட்டார். பின்னர் வந்த சுஜாதா, இயந்திர நாயான ஜீனோவைத் தமிழ் வீடுகளில் குடியேற்றினார். இப்பரம்பரையை இறக்குமதி என்று சொல்வோர், சொந்த வீட்டு நிலத்தை அயலான் பெயரில் எழுதிக் கொடுப்பவர் ஆவர்.

இவர்கள் அனைவருக்கும் மூத்தவள் கொல்லிப்பாவை. பூதம் சமைத்த பாவை என்று நற்றிணைப் புலவர் ஒருவர் அவளைப் பாடினார். காற்று மோதினும், இடி விழினும், நிலம் அதிரினும் உருவழியாதவள் என்று பரணர் பாடினார். அவள் தானே சிரிப்பாள், நடப்பாள் என்று பிற்கால மரபு மேலும் வளர்த்தது. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் அகநானூற்றிலும் அவள் காட்சி தருகிறாள். இம்மூன்றும் எத்தகைய நூல்கள்? மூன்றும் தொகை நூல்கள். பல புலவர், பல ஊரில், பல காலத்தில் பாடிய தனிப்பாடல்களை யாரோ தேடி, தேர்ந்து, வரிசைப்படுத்தி வைத்தார்கள். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்றும், அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர் என்றும், நற்றிணையைத் தொகுப்பித்தவன் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி என்றும் நமது முன்னோர் குறித்து வைத்தனர். பாடியவனுக்கு உரிய புகழைப் பாடியவனுக்கும், தொகுத்தவனுக்கு உரியதைத் தொகுத்தவனுக்கும், பொருள் கொடுத்துத் தொகுப்பித்தவனுக்கு உரியதை அவனுக்கும் பிரித்து வழங்கிய நாகரிகம் நம்முடையது. தொகுத்தவர் இல்லையேல் பரணர் பாடியதும் காற்றோடு போயிருக்கும். கொல்லிப்பாவை குண்டூர் நாட்டுத் திண்ணைக்கு அப்பால் யாருக்கும் தெரியாதவளாயிருப்பாள்.

விந்தைக் கதைக்குத் தொகை ஏன் இன்றியமையாதது என்பதற்கு இதனினும் அண்மையான காரணமும் உண்டு. ஒரு விசித்திரமான எண்ணம் இருபது பக்கத்தில் முழு உயிரோடு நிற்கும். அதையே நானூறு பக்கத்துக்கு இழுத்தால் பல சமயங்களில் வெளிறிப்போகும். ஆதலால் இவ்வகை எழுத்தின் இயற்கையான உருவம் சிறுகதையே. சிறுகதை வெளிவருவதோ வாரப் பதிப்பிலும் மாத இதழிலும் தீபாவளி மலரிலும். வாரப் பதிப்பின் ஆயுள் ஒரு வாரம். அதற்குப் பிறகு அது பழைய கடுதாசிக் கடைக்குப் போகிறது. பிறரைக் குறை கூறுமுன் நமது குற்றத்தையே முதலில் ஒப்புக்கொள்ளுகிறோம். நமது பத்திரிகையின் பழைய மலர்களில் வெளிவந்த கதைகள் பலவற்றுக்கு நமது காரியாலயத்திலேயே பிரதி இல்லை. எழுதியவர்களிடமும் இருக்குமா என்பது சந்தேகமே. பெயர் பெற்ற எழுத்தாளரின் கதைகளைப் பதிப்பாளர் தேடி வந்து நூலாக்குவார். ஒன்றிரண்டு கதை மட்டுமே எழுதி நின்றுவிட்ட உபாத்தியாயரின் கதையை, செவிலித்தாயின் கதையை, குண்டூர் நாட்டு மாணவரின் கதையைக் காப்பாற்ற வேறு வழி என்ன? பலர் கதைகளைச் சேர்த்த தொகை நூல் ஒன்றுதான்.

இனி நமது தேசத்தில் உள்ள நிலைமையைப் பார்ப்போம். 1954-இல் நிறுவப்பெற்ற சாகித்ய அகாதெமி 1955 முதல் பரிசுகள் வழங்கி வருகிறது. இருபத்துநான்கு பாஷைகளில் ஆண்டுக்கொரு நூல் பரிசு பெறுகிறது. பரிசுத் தொகை ஒரு லட்சம் ரூபாய். ஆனால் அப்பரிசின் விதிகளில் தொகுப்பு நூல்கள் விலக்கப்பட்டிருக்கின்றன. ஒருவரே எழுதிய சிறுகதைகள் அடங்கிய நூல் போட்டியிடலாம். பலர் கதைகளைத் தேர்ந்தெடுத்த நூல் போட்டியிட இயலாது. சட்டம் பயின்றவர்கள் இங்கே ஒரு முரண்பாட்டைக் காணாமல் இருக்க முடியாது. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், இலக்கியப் படைப்பு என்ற சொல்லுக்கு இலக்கணம் கூறுகையில் தொகுப்புக்களையும் அதனுள் அடக்குகிறது. தொகுப்பவனின் உழைப்பைத் தேசத்தின் சட்டம் படைப்பு என்று ஏற்கிறது. தேசத்தின் இலக்கிய மன்றமோ அதைப் பரிசுக்குரிய படைப்பாக எண்ணவில்லை. மூலப் படைப்புக்குரிய பரிசைத் தொகுப்பாளர் தட்டிக்கொண்டு போகலாகாது என்ற எச்சரிக்கையில் இவ்விதி பிறந்திருக்கலாம். அதில் நியாயமும் உண்டு. மொழிபெயர்ப்புக்களும் இதே போல் விலக்கப்பட்டிருந்தன. ஆனால் 1989-இல் மொழிபெயர்ப்புக்கெனத் தனிப் பரிசு ஏற்பட்டது. குழந்தை இலக்கியத்துக்கு 2010-லும், இளம் எழுத்தாளருக்கு 2011-லும் தனித்தனிப் பரிசுகள் தோன்றின. அங்கீகாரம் பெறாத பாஷைகளுக்காக 1996-இலேயே பாஷா சம்மான் ஏற்பட்டது. வாசல் ஒன்றில் நுழைய இயலாதவருக்கு வேறொரு வாசல் திறந்த முன்மாதிரிகள் இத்தனை இருக்க, தொகுப்போருக்கு மட்டும் கதவடைத்திருப்பது ஏன் என்று கேட்கிறோம்.

விந்தைக் கதைகளின் பொதுவான நிலையோ இன்னும் வருந்தத்தக்கது. ஜயந்த் நார்லீகர் உலகறிந்த வானசாஸ்திரி. மராத்தி விஞ்ஞான பரிஷத் 1974-இல் நடத்திய கதைப் போட்டிக்கு, தமது புகழ் நடுவர்களைப் பாதிக்கக் கூடாதென்று நாராயண் விநாயக் ஜக்தாப் என்ற புனைபெயரில் ஒரு கதை அனுப்பி, முதற் பரிசு பெற்றார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் மராத்தியில் விஞ்ஞானக் கதைகள் எழுதினார். 2014-இல் அவருக்கு அகாதெமி விருது கிடைத்தது. எதற்காக? அவருடைய சுயசரிதைக்காக. கதைகளுக்காக அன்று. 2025-ஆம் வருஷம் மே மாதம் அவர் காலமானார். நமது சுஜாதா 2008-இல் காலமாகும் வரையில் அவருக்கு அகாதெமி விருது கிட்டவேயில்லை. நேர்மாறான உதாரணம் ஒன்றையும் நாம் மறைக்கவில்லை. அஸ்ஸாமிய எழுத்தாளர் லக்ஷ்மீநந்தன் போரா, முதுமையை வெல்லும் ஆராய்ச்சியைக் கருவாகக் கொண்ட 'காயகல்ப' என்ற நாவலுக்காக 2008-ஆம் வருஷத்து சரஸ்வதி சம்மான் பெற்றார். சித்தர்களின் மூலிகைகளையும் குகைகளையும் பற்றிய கதைகள் வழங்கும் கொல்லிமலையில் காயகல்பம் என்ற சொல் யாருக்கும் புதியதன்று. ஆனால் அப்பரிசை நிறுவியது பிர்லா குடும்பத்தார் பெயரால் இயங்கும் ஒரு தனி அறக்கட்டளை என்பதையும், பரிசு பெற்றது ஒரே ஆசிரியரின் நாவல் என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

தொகைகளே நமது தேசத்தில் தோன்றவில்லையா எனின், தோன்றியே இருக்கின்றன. தேசீய புத்தக நிறுவனம் 1993-இல், பால் போண்ட்கேயைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, பல இந்திய பாஷைகளின் விஞ்ஞானக் கதைகளைத் திரட்டி இங்கிலீஷில் ஒரு நூல் வெளியிட்டது. தருண் செயிண்ட் தொகுத்த தெற்காசிய விஞ்ஞானக் கதைத் தொகைகள் 2019-லும் 2021-லும் வந்தன. சென்னையில் இயங்கும் 'பிளாஃப்ட்' என்ற சிறிய பதிப்பகம் தமிழ் ஜனரஞ்சகக் கதைகளின் இங்கிலீஷ்த் தொகை ஒன்றை 2008-லும், ஜாதிக் கொடுமையை எதிர்க்கும் விஞ்ஞானக் கதைகளின் தொகை ஒன்றை 2024-லும் வெளியிட்டது. 'அரூ' என்ற தமிழ் இணைய இதழ் 2018-இல் தோன்றி, விஞ்ஞானச் சிறுகதைப் போட்டிகளையும் நடத்தியது. இவற்றை எண்ணி மகிழ்கிறோம். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். தமிழனின் விந்தைக் கதை வங்காளிக்கு எட்ட வேண்டுமாயின் இங்கிலீஷ் என்னும் சுங்கச்சாவடியைக் கடந்தே செல்லவேண்டியிருக்கிறது. தமிழிலிருந்து வங்காளிக்கும், மராத்தியிலிருந்து தமிழுக்கும் நேரே செல்லும் பாதையைச் சமைக்க ஒருவரும் பொருள் செலவிடுவதில்லை. இங்கிலீஷ் படித்துப் பிழைக்கும் நாமே இதைச் சொல்லுகிறோம்.

பிற தேசங்கள் இவ்விஷயத்தில் உறங்கவில்லை. உலகக் கற்பனை இலக்கியப் பரிசு என்று அமெரிக்காவில் 1975 முதல் வழங்கப்படும் விருதில், 1988 முதல் தொகை நூலுக்கெனத் தனிப் பரிசு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1995-இல் ஏற்பட்ட ஆரியலிஸ் பரிசிலும் தொகை நூலுக்குத் தனி இடமுண்டு. எட்டுத்தொகையைப் பெற்ற ஜாதியார் இவ்விஷயத்தில் பிறருக்குப் பாடம் கற்பித்திருக்க வேண்டும்; நாமோ இன்னும் பாடத்தைத் தொடங்கவில்லை.

"சாதாரணச் சிறுகதைத் தொகைகளும்தான் பரிசின்றி இருக்கின்றன, விந்தைக் கதைக்கு மட்டும் என்ன விசேஷம்?" என்று ராஜீய ஊழியர்களான நமது வாசகர்கள் கேட்கலாம். அவர்களுக்கு நாம் தரும் விடை ராஜீயத்தைச் சார்ந்ததே. நாளைய தேசம் எப்படியிருக்கும் என்று கனவு காண்பது இன்று யாருடைய உரிமையாக இருக்கிறது? திட்டம் வகுப்போர், முதல் போடுவோர், சுரங்கம் தோண்டுவோர் ஆகியோருடைய உரிமையாக இருக்கிறது. கொல்லிமலையில் பாக்ஸைட் தோண்டப்பெற்றது. சாமையும் தினையும் விளைந்த மலை வயல்களில், சமவெளி ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பரவியது. இவை நடப்பதற்கு முன் யாரோ ஒருவர் மனத்தில் கற்பனையாக இருந்தவையே. அக்கற்பனை மலையாளிப் பழங்குடி மக்களுடையதன்று. குண்டூர் நாடு அடங்கிய சேந்தமங்கலம் சட்டசபைத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. வோட்டுக்கு இடம் ஒதுக்கினோம். கனவுக்கு இடம் ஒதுக்கவில்லை. காஞ்சியிலிருந்து வந்த மூன்று சகோதரரின் கதையைத் தம் பூர்வ சரித்திரமாகச் சொல்லும் அம்மக்கள், தம் வருங்காலத்தைப் பற்றியும் சொல்லக் கூடியவர்களே. கேட்பார் வேண்டும், எழுதுவார் வேண்டும், எழுதியதைச் சேர்த்து வைப்பார் வேண்டும். சுல்தானாவின் கனவை எழுதிய அம்மையார் ஒரு சட்டசபையிலும் அங்கம் வகிக்கவில்லை. ஆயினும் பெண்கள் ஆளும் ஒரு தேசத்தைச் சட்டசபைகள் நினைக்குமுன் அவர் நினைத்துவிட்டார். ஒடுக்கப்பட்டவர் விடுதலை பெறுமுன் விடுதலையைக் கற்பனை செய்தாக வேண்டும். சுயராஜ்யமும் முதலில் ஒரு விந்தைக் கதையாகத்தான் பலருக்குத் தோன்றிற்று.

நமது கோரிக்கைக்கு எழக்கூடிய ஆட்சேபங்களையும் ஆராய்வோம்.

முதலாவது ஆட்சேபம், பரிசுகள் ஏற்கெனவே மிகுந்துவிட்டன என்பது. மத்திய சர்க்காரே 2022-இல் விஞ்ஞானத் துறைகளின் பரிசுகளில் நூற்றுக்கணக்கானவற்றை நிறுத்த முடிவு செய்தது. பயனற்ற பரிசுகளை நிறுத்துவதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் பத்துக் கிணறுகள் ஒரே தெருவில் இருப்பதைக் காரணமாகக் காட்டி, கிணறே இல்லாத தெருவுக்குத் தண்ணீர் மறுப்பது நியாயமாகாது.

இரண்டாவது ஆட்சேபம், பரிசு எழுத்தாளனை அடிமையாக்கும் என்பது. இது கனமான ஆட்சேபம். 2015-இல் பேராசிரியர் கல்புர்கி கொலையுண்ட பின், அகாதெமியின் மௌனத்தைக் கண்டித்து எழுத்தாளர் பலர் விருதுகளைத் திருப்பினர். விருதைத் திருப்பமாட்டோம் என்று முன்கூட்டியே எழுத்தாளரிடம் உறுதிமொழி எழுதி வாங்கவேண்டும் என 2023-இல் பார்லிமெண்டுக் குழு ஒன்று சிபார்சு செய்தது. கொடுத்த கையை முத்தமிட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுப்பது பரிசன்று, அச்சாரம். அத்தகைய நிபந்தனை எதுவும் நாம் கோரும் பரிசை அணுகக் கூடாது.

மூன்றாவது ஆட்சேபத்தை யாரும் எழுப்பவில்லை, நாமே எழுப்புகிறோம். கொல்லிப்பாவை இயந்திரமாயிருந்தாள், ஆதலால் பண்டைத் தமிழர் இயந்திர மனிதரைச் செய்தனர் என்று மார்தட்டுவோர் நம்மிடையே இருக்கிறார்கள். 2015 ஜனவரியில் மும்பையில் கூடிய இந்திய விஞ்ஞான காங்கிரஸில் பண்டைய ஆகாய விமானங்களைப் பற்றி ஒரு கட்டுரை படிக்கப்பட்டு, உலகம் நம்மைப் பார்த்து நகைத்தது. தேசாபிமானம் உடையவர்கள் என்ற முறையிலேயே இதைக் கண்டிக்கிறோம். பாவையை எவரும் செய்தார் என்பதற்குச் சான்று ஒன்றுமில்லை. அப்படியொரு பாவையை ஒரு புலவர் நினைத்தார் என்பதற்குத்தான் சான்று இருக்கிறது. அந்த நினைப்பே பெரும் புகழ். கற்பனையைக் கற்பனை என்று ஒப்புக்கொள்ளும் துணிவு இல்லாத தேசத்தில் விஞ்ஞானமும் வளராது, இலக்கியமும் வளராது. விந்தைக் கதைக்கு விந்தைக் கதையாகவே பரிசளிப்பது, அதைச் சரித்திரமென்று விற்போரின் வாயை அடைக்கவும் ஒரு வழியாகும்.

பரிசு எவ்வாறு அமைய வேண்டும் என்பதைப் பற்றி நமது யோசனைகளை வெளியிடுகிறோம்.

ஒன்று: அகாதெமி அங்கீகரித்த இருபத்துநான்கு பாஷை ஒவ்வொன்றிலும், குறைந்தது பத்து ஆசிரியர்களின் விந்தைக் கதைகள் அடங்கிய தொகை நூல் ஒன்றுக்கு ஆண்டுதோறும் பரிசு வழங்க வேண்டும். இதுவரை நூலில் இடம்பெறாத ஆசிரியர்களையும், மலைநாடுகள், ஆலைத் தெருக்கள், மீனவர் குப்பங்கள் போன்ற இடங்களிலிருந்து எழுதுவோரையும் தேடிச் சேர்த்த தொகைக்கு முதன்மை தரவேண்டும்.

இரண்டு: தொகுப்பாளருக்கு ஒரு லட்சமும், கதாசிரியர் அனைவருக்கும் சமமாகப் பங்கிட ஒரு லட்சமும் அளிக்க வேண்டும். இருபத்துநான்கு பாஷைகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 48 லட்ச ரூபாய் ஆகும். இத்தனை பெரிய தேசத்துக்கு இது பெருஞ் செலவு என்று ஒருவரும் வாதாட முடியாது.

மூன்று: வாய்மொழிக் கதையைத் தழுவி எழுதப்பட்டிருந்தால், சொன்னவருடைய சம்மதத்தைப் பெற்று, அவர் விரும்பினால் பெயரையும் ஊரையும் நூலில் அச்சிட்டு, ஆசிரியருக்குரிய பங்கில் அவருக்கும் பங்கு தரவேண்டும். எழுதியவனுக்கு இறந்தபின் அறுபது ஆண்டுகள் வரை பாதுகாப்பளிக்கும் சட்டம், திண்ணையில் கதை சொல்லும் முதியவருக்குப் பெரும்பாலும் துணை நிற்பதில்லை. தேனைக் கவர்ந்துகொண்டு கூட்டைக் கலைத்துவிட்டுப் போகும் வழக்கம் இலக்கியத்திலும் நுழையலாகாது.

நான்கு: பரிசு பெற்ற தொகைகளிலிருந்து தேர்ந்த கதைகளைப் பிற இந்திய பாஷைகளில் நேரே மொழிபெயர்த்து, தேசீய புத்தக நிறுவனம் மலிவான பதிப்பாக வெளியிட வேண்டும்.

ஐந்து: நடுவர் குழுவில் மந்திரிகளோ உத்தியோகஸ்தர்களோ இருக்கலாகாது. தீர்ப்பின் காரணங்களை நடுவர்கள் எழுத்தில் வெளியிட வேண்டும். காரணமில்லாத தீர்ப்பை நியாயஸ்தலத்தில் மேல் கோர்ட்டு ஏற்பதில்லை. இலக்கியத்தில் மட்டும் ஜனங்கள் ஏன் ஏற்க வேண்டும்?

இவ்யோசனைகளைச் சர்க்காரும் அகாதெமியும் ஏற்கும் வரையில் தமிழர் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. குந்தளீன் தைலக்காரர் எந்த மந்திரியின் உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. வெளி தேசங்களில் வாழும் தமிழரின் முயற்சியால் கானடாவிலிருந்து 'இயல் விருது' 2001 முதல் வழங்கப்பட்டு வருகிறது. கடல் கடந்தவர்களால் இயலுவது கோயம்புத்தூர் ஆலை முதலாளிகளாலும், திருப்பூர் வர்த்தகர்களாலும், நாமக்கல் லாரி உரிமையாளர்களாலும் இயலாதா? பாண்டியர்களும் சேரர்களும் செய்த காரியத்தைச் செய்யும் வாய்ப்பு இன்று வியாபாரிகளுக்கு வந்திருக்கிறது. தொகுப்பித்தோன் என்று அவர்கள் பெயர் நூலின் முகப்பில் நிற்கட்டும். கிளை வாசகசாலைகளும் கல்லூரித் தமிழ் மன்றங்களும் கட்சி அலுவலகங்களும் தத்தம் ஊரில் எழுதுவோரைக் கண்டு பிடித்துத் தரட்டும்.

ஊருக்கு உபதேசம் செய்வதோடு நிற்க நாம் விரும்பவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பின் இரண்டு பக்கங்களை விந்தைக் கதைகளுக்கென ஒதுக்க நிச்சயித்திருக்கிறோம். வெளியிடும் கதைக்கு உரிய சன்மானம் தருவோம். ஒவ்வொரு கதைக்கும் மூன்று பிரதிகளைப் பத்திரப்படுத்துவோம். வருஷ முடிவில், நமது ஆசிரியர் குழுவைச் சேராத ஒருவரைக் கொண்டு அவற்றில் தேர்ந்தவற்றைத் தொகுத்து நூலாக்குவோம். தொகுத்தவர் பெயரும், எழுதிய ஒவ்வொருவரின் பெயரும், கதை சொன்னவர் அனுமதித்தால் அவர் பெயரும் ஊரும் அந்நூலில் இடம்பெறும். இது சிறு முயற்சியே. ஆனால் இதைப் பார்த்து வேறு பத்திரிகைகளும் முன்வந்தால், தேசீயப் பரிசு ஏற்படும் நாளில் பரிசுக்கு அனுப்பத் தமிழில் தொகை இல்லையே என்ற அவமானம் நமக்கு நேராது.

குண்டூர் நாட்டு இளைஞர் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கூறுகிறோம். தம்பி, உமது கதையை நமக்கு அனுப்பும். உமது பாட்டனார் சொன்ன கதையையும் அவர் சொன்னபடியே எழுதி, அவர் சம்மதத்தோடு உடன் அனுப்பும். பாவை மலையிறங்கி வரட்டும். அவள் எதைக் கண்டு சிரிக்கிறாள் என்பதைத் தமிழ் நாடு மட்டுமின்றி இத்தேசம் முழுவதும் தன் தன் பாஷையில் படித்தறியும் நாள் வரவேண்டும். அந்நாள் வரும் வரையில் நாம் இக்கோரிக்கையை விடப்போவதில்லை.